சித்திரை மாதத்துப் பனி

நான் வெளிநாடு போனது பஸ்ஸில்தான். கப்பல் கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊரில் ஏறி, திருநெல்வேலியில் வண்டி மாறி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் இறங்கச் சொன்னபோது திருவிதாங்கூர் என்ற இன்னொரு ராஜ்யத்தின் வாசலில் நின்றேன். சவுக்கை என்று அவர்கள் சொல்லும் சுங்கச் சாவடி அங்கே இருந்தது. என் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கல்யாணப் புடவையின் மடிப்புக்குள் கையை விட்டு, "பொயில உண்டா?" என்று கேட்டார் சேவகர்.

"அது பட்டுங்க. எங்க ஊர்ல புகையிலையைக் கட்டிக்கிட்டா கல்யாணம் பண்ணுவாக?" என்றேன்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். என் வீட்டுக்காரர் முழங்கையைக் கிள்ளினார். இடுப்பில் இருந்த மகள் சேவகரின் தொப்பியைப் பிடித்து இழுத்தாள். வெள்ளைக்காரன் போன அடுத்த வருஷம் அது. நாடெல்லாம் ஒன்றாகிவிட்டது என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்திருந்தார்கள். அந்த மிட்டாய் சவுக்கை வரைக்கும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் பஸ் மெக்கானிக். நாகர்கோவிலில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் வேலை கிடைத்து முன்னாலேயே வந்துவிட்டார். தோவாளைப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டு எங்களை அழைத்துப் போக வந்திருந்தார். வீட்டுக்கு முன்னால் வாய்க்கால் ஓடியது. எங்கள் ஊரில் ஒரு குடம் தண்ணீருக்காக நான் அடுத்த தெருக்காரியின் முடியைப் பிடித்து இழுத்திருக்கிறேன். இங்கே வாய்க்கால் பாட்டுக்கு ஓடுகிறது, ஒருத்தரும் திரும்பிப் பார்க்காமல் நடந்து போகிறார்கள். வந்த ஒரு வாரம் வேலையைப் போட்டுவிட்டு வாய்க்காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொசுக்களும் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

எங்களுக்கு வீடு விட்டவர்கள் அடுத்த வளவில் இருந்த வெள்ளாமைக்காரர்கள். வயல், களம், பத்தாயம் என்று வசதியான சைவக் குடும்பம். அந்த வீட்டு அம்மாளை எல்லோரும் மைனி என்று கூப்பிட்டார்கள். அண்ணிக்கு அந்த ஊரில் அதுதான் சொல். நானும் மைனி என்றே கூப்பிட்டேன்.

முதல் நாள் மைனி வந்து, வெயிலில் வந்த களைப்போடு வாசலில் நின்று, "பிள்ளே, கொஞ்சம் வெள்ளம் தாரியா?" என்றாள்.

எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் ஆட்டையும் மாட்டையும் அடித்துக்கொண்டு போவது. நான் வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். மேகம் ஒன்றும் இல்லை. "வெள்ளம் எப்ப வருமுன்னு சொன்னாக?" என்று கேட்டேன். மைனி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவள் கொண்டைப் பூ கீழே விழுந்துவிட்டது. குடிக்கிற தண்ணீருக்கு அங்கே வெள்ளம் என்று பெயர். அன்றிலிருந்து நான் அந்தத் தெருவுக்குப் 'பாண்டிக்காரி'. கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த எல்லோருமே அவர்களுக்குப் பாண்டிக்காரர்கள்தான். வைவதற்காகச் சொல்வதில்லை. ஆனால் பாராட்டாகவும் சொல்வதில்லை.

பங்குனி முடிகிற சமயம் மகளுக்கு உடம்பு கெட்டது. அவளுக்கு அப்போது ஓடத் தெரியும், பேச்சு மழலை. மத்தியானம் சோறு ஊட்டிக்கொண்டிருப்பேன். திடீரென்று உதடு நீலம் பாரித்து, பல் கிட்டி, உடம்பு உதறும். வீட்டில் உள்ள துணியெல்லாம் போட்டு மூடினாலும் உதறல் நிற்காது. அப்புறம் காய்ந்த தோசைக்கல் மாதிரி சுடும். சாயங்காலம் வேர்த்து ஊற்றி, துவண்டு தூங்கிவிடுவாள். மறுநாள் காலையில் எழுந்து கோழியைத் துரத்துவாள். அதற்கு மறுநாள் மத்தியானம் மறுபடியும் உதறும்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் மக்கர் பண்ற வண்டி மாதிரியில்ல இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர். "இந்த மாதிரி வண்டிதான் மெக்கானிக்குக்கு எமன். பட்டறைக்குக் கொண்டாந்தா ஜம்முன்னு ஓடும். ரோட்டுல விட்டா நின்னுபோகும்."

பிள்ளையைப் போய் வண்டி என்கிறாரே என்று அகப்பையை ஓங்கிக்கொண்டு போனேன். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

இவளுக்கு முன்னால் எனக்கு ஒன்று பிறந்து தங்கவில்லை. அதனால் இவள் ஒரு தும்மல் போட்டாலும் குலசாமிக்குக் காசு முடிந்து வைப்பேன். இப்போது பிள்ளையின் கன்னம் வற்றிக்கொண்டே வந்தது. எப்படியாவது இவளைக் காப்பாற்றிவிட வேண்டும், அதற்கு எங்கள் சக்திக்கு உட்பட்ட ஒரு வைத்தியம் வேண்டும். என் தலைக்குள் வேறு ஒன்றும் ஓடவில்லை.

முதலில் பக்கத்துத் தெரு வைத்தியரிடம் போனோம். நல்ல மனிதர், காசு விஷயத்தில் கறார் இல்லை. பத்தியத்தில்தான் கறார். பிள்ளை சாப்பிடக் கூடாதவற்றைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை வெற்றிலை போட்டுவிட்டார். எல்லாம் போக மிஞ்சியது கஞ்சித் தெளிவு. ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருக்கிற பிள்ளைக்குக் கஞ்சித் தெளிவைக் கொடுத்தால் காற்றில் பறந்துவிடும் என்று நினைத்தேன். ஆரல்வாய்மொழிக் காற்று அப்படிப்பட்ட காற்று.

பிறகு நாகர்கோவிலில் ஊசி போடும் டாக்டர் ஒருவரைப் பார்க்கப் போனோம். வாசலில் அவருடைய மோட்டார் கார் நின்றது. என் வீட்டுக்காரர் அதைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்து, தட்டிப் பார்த்தார். "இந்தக் காருக்குப் பெட்ரோல் ஊத்துறது யாருன்னு நெனைக்கே? உள்ள உக்காந்திருக்க நோயாளிகதான்," என்று சொல்லி எங்களை வெளியே அழைத்து வந்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்து இன்னும் முழுச் சம்பளம் கைக்கு வராத நேரம் அது.

ஒரு தடவை என் ஊருக்கே கொண்டுபோனேன். அங்கே கடனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் இருந்தார். ஆனால் போகிற வழியில் பஸ்ஸிலேயே பிள்ளைக்கு உதறல் வந்து, எல்லோரும் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தி, நான் அவர்களைப் பார்த்துக் கத்தி, ஒரே ரகளை. திரும்பி வரும்போது சவுக்கையில் அதே சேவகர். மருந்து பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோது மட்டும் அந்தப் பயணம் வீண் இல்லை என்று தோன்றியது. மருந்து தீர்ந்ததும் காய்ச்சல் திரும்பி வந்துவிட்டது. வாராவாரம் ராஜ்யம் விட்டு ராஜ்யம் போய் வைத்தியம் பார்க்க நாங்கள் என்ன ஜமீனா?

பட்டறையில் எல்லோரும் நெய்யூர் மிஷன் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே போனால் பிழைத்த மாதிரிதான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். எங்களுக்கும் ஆசைதான். அங்கே படுக்க வைத்தால் நான் கூடவே இருக்க வேண்டும், அவர் லீவு கேட்க வேண்டும், புதிதாகச் சேர்ந்த ஆளுக்கு யார் லீவு கொடுப்பார்கள்? அடுத்த மாதம் என்று பேசி வைத்தோம்.

அப்போதுதான் மைனி, "ஏட்டி, நம்ம சர்க்கார் ஆசுபத்திரி இருக்கே, அங்க காட்டினியா?" என்று கேட்டாள். இரண்டு வயல்வெளி தாண்டி, ரோட்டோரத்தில் ஓடு போட்ட ஒரு கட்டிடம். மருந்து சும்மா கொடுப்பார்கள். புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார்கள். வடக்கேயிருந்து வந்தவர்கள், மலையாளம்தான் பேசுவார்கள், நல்ல கைராசி என்று பேச்சு.

"இத முன்னாலயே சொல்றதுக்கென்ன மைனி?"

மைனி குரலைத் தாழ்த்தினாள். "அது பொன்னு தம்புரான் ஆசுபத்திரியாக்கும். நாட்டுக் குடிகளுக்குள்ளது. வெளிநாட்டுக்காரிக்குச் சும்மா தருவாவளா? நீ வாயத் தொறந்தா பாண்டிக்காரின்னு பச்சப் பிள்ளைக்கும் தெரிஞ்சுபோவும். காசு கேப்பாவ. இல்லேன்னா வெரட்டி விடுவாவ, பாத்துக்கோ."

பொன்னு தம்புரான் என்றால் மகாராஜா. அவருடைய மருந்தை அவருடைய பிரஜைக்குத்தான் கொடுப்பார் என்பது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊர்க் கிணற்றில் அடுத்த ஊர்க்காரி குடத்தை இறக்கினால் நான் விட்டுவிடுவேனா?

அன்று முழுக்க மைனி எனக்குப் பாடம் எடுத்தாள். 'சொன்னாக' என்று சொல்லாதே, 'சொன்னாவ' என்று சொல். 'எங்கிட்டு' என்று சொல்லவே சொல்லாதே. நான் பாடம் படித்த லட்சணத்தைக் கேட்டுக் கடைசியில் மைனியே சலித்துப்போனாள்.

"சவம், இது சரிப்படாது. நீ ரெண்டே வார்த்த பேசினா மதி, அது போதும். என்ன கேட்டாலும் உண்டு, இல்ல. வேற வாயே தொறக்காத. கேட்டியா? பின்னே, குப்பி எடுத்துக்கிட்டுப் போ. குப்பியில்லாமப் போனா மருந்த உள்ளங்கையிலயா ஊத்துவாவ?"

விளக்கெண்ணெய் இருந்த பாட்டிலைச் சாம்பல் போட்டுக் கழுவினேன். மறுநாள் மைனிக்கு விதைப்பு வேலை, கூட வர முடியவில்லை. நான் உண்டு, இல்லை என்ற இரண்டு வார்த்தைகளோடும் ஒரு குப்பியோடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஆசுபத்திரியில் வரிசை வாசலைத் தாண்டி ரோட்டில் நின்றது. டாக்டரம்மாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். வெள்ளைப் புடவை, ஈரத் தலையில் நுனி முடிச்சு. ஒருத்தரைப் பார்த்துக்கொண்டே அடுத்தவரைக் கையால் கூப்பிட்டார்கள். பக்கத்தில் கூண்டு மாதிரி ஒரு ஜன்னலுக்குப் பின்னால் கம்பவுண்டர் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. அன்று காய்ச்சல் வராத நாள். பிள்ளை குளிர்ந்த உடம்போடு, டாக்டரம்மாவின் மேஜையில் இருந்த மணியை எடுக்கப் பார்த்தது.

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள், "பனியுண்டோ?"

பனியா? சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஒருவேளை பிள்ளையைப் பனியில் போட்டு வைக்கிறேனா என்று கேட்கிறார்களோ? அப்படிப்பட்ட தாயா நான்? தலையை நிமிர்த்தி, "இல்ல," என்றேன்.

"விசப்புண்டோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷம் என்று காதில் விழுந்தது. "இல்ல! இல்ல!" என்றேன். அது பசியைக் கேட்ட கேள்வி. பிள்ளைக்கு உண்மையிலேயே பசி இல்லாததால் அந்தப் பதில் சரியாக அமைந்துவிட்டது.

"உறக்கமுண்டோ?"

"உண்டு," என்றேன். இது புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா சீட்டு எழுதினார்கள். காய்ச்சல் இல்லை, பசி இல்லை, பிள்ளை மெலிகிறது. அப்படியென்றால் பூச்சி. கம்பவுண்டர் பூச்சி மருந்தை என் குப்பியில் ஊற்றினார். ஒருத்தரும் ஊரைக் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. வயல் வரப்பில் வரும்போது என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. மகாராஜாவையே ஏமாற்றிவிட்டேனே!

பூச்சி மருந்து வயிற்றைக் கழுவி எடுத்தது. காய்ச்சல் தன்பாட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்தது. மறுபடியும் போனேன். நோய் வரும் நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்கப் பயந்து, உடம்பு நன்றாக இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் இந்தத் தடவையும் போனேன். பட்டறைக்கு வந்தால் ஜம்மென்று ஓடும் வண்டி. டாக்டரம்மா மறுபடியும், "பனியுண்டோ?" என்றார்கள். நானும் மறுபடியும், "இல்ல," என்றேன். வேறு ஏதோ சிவப்பு மருந்து கிடைத்தது.

அதற்குப் பிறகு பிள்ளை கோழியைத் துரத்தவில்லை. நல்ல நாளிலும் மூலையில் சாய்ந்து உட்கார்ந்து கோழியைப் பார்த்தது. அவ்வளவுதான். வயிறு மட்டும் இடது பக்கமாகப் புடைத்துக்கொண்டு வந்தது. ஒருநாள் எழுந்து நிற்க முயன்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் போன பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் இப்போது அவளை வண்டி என்று சொல்லவில்லை. லீவு கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு நெய்யூருக்குப் போகலாம் என்றார். நான், நாளைக்கு ஒரு தடவை மட்டும் இந்த அம்மாளிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்றேன்.

மூன்றாம் தடவை வரிசையில் நிற்கும்போதே எனக்குக் கோபம் தலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெயில் மேல், வரிசை மேல், என் வாய்க்குப் போட்ட பூட்டின் மேல். என் முறை வந்தது. டாக்டரம்மா தலையை நிமிர்த்தாமலே, அதே ராகத்தில், "பனியுண்டோ?" என்றார்கள்.

பூட்டு தெறித்துவிட்டது.

"என்னங்க டாக்டரம்மா, வந்த நாள் முதலா பனி இருக்கா, பனி இருக்கான்னு கேக்கீக! இந்தச் சித்திரை வெயில்ல பனி எங்கிட்டு இருந்து வரும்? எம்பிள்ளை ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல்ல கெடந்து வெட்டி வெட்டி இழுக்குது. நீங்க என்னடான்னா மார்கழி மாசத்தத் தேடிக்கிட்டு இருக்கீக!"

வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். உடனே எல்லோரும் சிரித்தார்கள். கம்பவுண்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யம்மா, பனின்னா காய்ச்சலாக்கும்! இது கூடத் தெரியாதா?" என்றார்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்கள். முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் அவர்கள் பேசியதைக் கேட்டுக் கம்பவுண்டரே வாயைப் பிளந்தார். சுத்தமான தமிழ்.

"காய்ச்சலா? காய்ச்சல்னு முதல்லயே ஏன் சொல்லலை?"

"காய்ச்சலான்னு நீங்க முதல்லயே ஏன் கேக்கலை?"

டாக்டரம்மா பிள்ளையை மேஜையில் படுக்க வைத்து இடது விலாவுக்குக் கீழே அழுத்தினார்கள். பிள்ளை வீல் என்று கத்தியது. எப்போது உதறுகிறது, எப்போது சுடுகிறது, எப்போது வேர்க்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நான் என் ஊர்ப் பேச்சிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். "முறைக்காய்ச்சல், மலேரியா," என்று சொல்லி எழுதத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் எனக்கு நான் செய்த காரியம் உறைத்தது. எல்லோர் முன்னாலும் பாண்டிக்காரி என்று தம்பட்டம் அடித்துவிட்டேன். முந்தானை முடிச்சை அவிழ்த்தேன்.

"நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரிதாங்க. இந்த ராஜ்யம் இல்ல. எவ்வளவுன்னு சொல்லுங்க, பெறட்டிக் கொண்டாந்து தந்திருதேன். மருந்த மட்டும் இல்லைன்னு சொல்லிராதீக." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன்.

"எதுக்குக் காசு?" என்றார்கள் டாக்டரம்மா.

"இஞ்ச ஆரு ஊரு கேட்டா?" என்றார் கம்பவுண்டர்.

டாக்டரம்மா நாற்காலியை எனக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்கள். "கோவில்பட்டி மெட்ராஸ் மாகாணம்தானே? நான் கோழிக்கோடு. மலபாரும் மெட்ராஸ் மாகாணம்தான். என் வீட்டுக்காரருக்கு இங்கே வேலை, அதனால வந்தேன். நாம ரெண்டு பேரும் ஒரே நாட்டுக்காரங்க."

மெட்ராஸில் டாக்டருக்குப் படித்த காலம் முழுக்கக் காய்ச்சல், காய்ச்சல் என்றுதான் கேட்டார்களாம். திருவிதாங்கூரில் வேலை கிடைத்ததும், இது மலையாள ராஜ்யம், இங்கே பனி என்று கேட்டால்தான் ஜனங்களுக்குப் புரியும் என்று நினைத்துத் தமிழைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். ஊர் ஜனங்களுக்குப் பனியும் தெரியும், காய்ச்சலும் தெரியும். எந்தச் சங்கடமும் வரவில்லை. காய்ச்சல் என்ற சொல்லைத் தெரிந்து வைத்திருந்த இரண்டு பேர் நேருக்கு நேர் உட்கார்ந்து, உள்ளூர்க்காரிகள் மாதிரி நடித்து, அந்தச் சொல்லை மட்டும் சொல்லாமலே இருந்திருக்கிறோம். நடுவில் கிடந்தது என் பிள்ளை. இதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

கொயினா மருந்து கொடுத்தார்கள். அந்தக் கசப்பைச் சொல்லி முடியாது. பிள்ளை முதல் வேளையை என் முகத்தில் துப்பியது, இரண்டாம் வேளையை அப்பாவின் காக்கிச் சட்டையில். பிறகு அவர் மடக்கிப் பிடிக்க, நான் வாழைப்பழத்தில் பொதிந்து உள்ளே தள்ள, ஒரு வழியாக இறங்கியது. முதல் தடவை உதறல் வந்தது, ஆனால் பாதியில் விட்டது. அடுத்த முறைநாள் காலையிலிருந்தே நான் அடுப்பு மூட்டவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அதன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் வாசலைத் தாண்டி வாய்க்கால் வரைக்கும் நகர்ந்தது. மைனி வந்து எட்டிப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள். உதடு நீலம் பாரிக்கவில்லை. மத்தியானம் போய்விட்டது. பிள்ளை என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்து, "சோறு," என்றது.

வீட்டில் சோறு இல்லை. மைனிதான் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். ஊட்டிவிட்டுக்கொண்டே, "நான் கேள்விப்பட்டதத்தான் சொன்னேன் மக்கா. எனக்கென்ன தெரியும்?" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அவளை வைவதற்கு என்று நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் வீணாய்ப் போயின.

அதிலிருந்து டாக்டரம்மா எந்த நோயாளி வந்தாலும், "பனி, காய்ச்சல், உண்டோ, இருக்கா?" என்று நாலு வார்த்தையையும் ஒரே மூச்சில் கேட்டார்கள். ஊர் அவர்களுக்குப் பனிக்காய்ச்சல் டாக்டரம்மா என்று பெயர் வைத்தது. கணவாய் தாண்டிப் புதிதாக வருகிறவர்களை நானே ஆசுபத்திரிக்கு அழைத்துப் போனேன். "வாயைத் திறந்து நல்லாப் பேசுங்க, ஒண்ணும் காசு கேக்க மாட்டாக," என்பதுதான் என் முதல் பாடம். வரிசையில் நான் பேசும் பேச்சைத் தாங்க முடியாமல் கம்பவுண்டர் எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிடுவார் என்பது உபரி லாபம்.

திருவிதாங்கூரின் சக்கரக் காசு போயிற்று, சவுக்கை போயிற்று. பெரிய பெரிய கூட்டங்களும் ஊர்வலங்களும் நடந்தன. ஐம்பத்தாறில் ஒருநாள் எங்கள் பகுதி மெட்ராஸோடு சேர்ந்தது. நான் வீட்டை மாற்றவில்லை, அடுப்பைக்கூட இடம் மாற்றவில்லை. நான் விட்டுவிட்டு வந்த ராஜ்யம் என்னைத் தேடிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டது.

"ஏட்டி பாண்டிக்காரி, இனிமே நாங்களும் பாண்டிக்காரியளா?" என்று கேட்டாள் மைனி.

"வாங்க மைனி, வாங்க. கூச்சப்படாம உள்ள வாங்க," என்றேன். அவள் என்னைத் துடைப்பத்தோடு துரத்தினாள்.

டாக்டரம்மாவின் மலபார் அந்தப் பக்கம் கேரளத்தில் சேர்ந்தது. அவர்கள் வீட்டுக்காரருக்கும் கோழிக்கோட்டுக்கே மாற்றல் வந்தது. ஒரே நாட்டுக்காரிகளாக இருந்த இரண்டு பேரும், இருந்த இடத்திலேயே வேறு வேறு நாட்டுக்காரிகள் ஆகிவிட்டோம்.

நாகர்கோவில் பஸ் நிலையத்தில் வழியனுப்பப் போனோம். அவர்கள் ஏறப்போகும் திருவனந்தபுரம் வண்டியை என் வீட்டுக்காரர் காலையிலேயே படுத்துப் புரண்டு சரிபார்த்திருந்தார். மகள் என் தோள் உயரத்துக்கு வளர்ந்து, இரட்டைச் சடை போட்டு, எங்களோடு வந்ததே பெரிய தயவு என்பது போல் நின்றாள். டாக்டரம்மா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் விசில் கொடுக்கும் நேரத்தில், கையை வெளியே நீட்டி, என் மகளின் நெற்றியில் புறங்கையை வைத்தார்கள்.

"காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டார்கள்.

"பனியில்லா, டாக்டரம்மா," என்றேன் நான்.

வண்டி நகர்ந்தது. அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினேன். மகள் என்னையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்தாள்.

"எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, பின்னே எதுக்கு ரெண்டு பேரும் அழுவுறிய? கோட்டியா பிடிச்சிருக்கு?" என்றாள்.